ஆய்வுக்கான கேள்வியை ஊர் கேட்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளர்களும் உள்ளூர் மக்களும் இணக்கமாக வாழப் பல்கலைக்கழகங்களும் ஊராட்சி மன்றங்களும் சேர்ந்து செயல்பட வேண்டும் என்ற பேச்சு அண்மைக் காலமாகக் கருத்தரங்குகளில் அதிகம் கேட்கிறது. நல்ல பேச்சுதான். ஆனால் அது பெருநகரங்களைத் தாண்டி எங்கள் பக்கம் வருவது அரிது. வந்தாலும் எங்களை அளந்து பார்த்துவிட்டுப் போவதோடு நின்றுவிடுகிறது. முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்றும் 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என்றும் வழங்கும் சிலாங்கூர்த் தோட்டப் பட்டணத்தில் வாழ்பவன் நான். தோட்ட மருந்தகத்தில் டிரஸ்ஸராக, அதாவது மருத்துவ உதவியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். இப்படிப்பட்ட கூட்டு முயற்சி சிறு பட்டணங்களில் எவ்வாறு அமைந்தால் பயன் தரும் என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் வட்டாரமே ஆள் வரத்தால் உண்டானது. ஒரு பக்கம் ஈய லம்பம் எனும் சுரங்கம், மறுபக்கம் ரப்பர், பிறகு செம்பனை. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனை நடவு 1917ஆம் ஆண்டில் நடந்தது இதே கோல சிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் கைவிடப்பட்ட பின்பு கங்காணிகளின் பின்னால், 1907இல் ஏற்படுத்தப்பட்ட தமிழர் குடிநுழைவு நிதியின் செலவில் கப்பலேறி வந்தவர்களின் பேரன் பேத்திகள் நாங்கள். 1938இல் இந்திய அரசு தொழிலாளர்களை அனுப்புவதற்குத் தடை விதித்ததோடு அந்த வரத்து நின்றது. 1969ஆம் ஆண்டில் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்ந்த பல்லாயிரம் பேர் மூட்டை கட்டிக்கொண்டு தமிழகத்துக்குத் திரும்பினார்கள். அந்த இடைவெளி ஆறுவதற்குள் இந்தோனேசியாவிலிருந்து ஆள்கள் வரத் தொடங்கினார்கள். 1984இல் மேடான் ஒப்பந்தம் அதற்கு அரசு முத்திரை குத்தியது. தொண்ணூறுகளில் வங்காளதேசத்தவர், பின்னர் நேப்பாளிகள், மியன்மாரிலிருந்து உயிருக்கு அஞ்சி வந்த ரோஹிங்கியாக்கள் எனப் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது.

இதே காலத்தில்தான் நாங்கள் லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளை விட்டு வெளியேறினோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன, வீடமைப்புத் திட்டங்களாயின. வேலையோடு வீடும் போன குடும்பங்கள் குறைந்த விலை அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. ஆகவே எங்கள் ஊரில் ஒரே தலைமுறைக்குள் இரண்டு இடப்பெயர்வுகள் ஒன்றையொன்று கடந்து சென்றிருக்கின்றன. தோட்டத்து இந்தியர்கள் பட்டணத்துக்கு வந்தது ஒன்று. வெளிநாட்டவர் தோட்டத்துக்குள் வந்தது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்ப்பவர்கள் யாரும் இல்லை. ஒன்று ஏழ்மை ஒழிப்புத் திட்டக் கோப்பிலும், மற்றொன்று தொழிலாளர் இலாகா, குடிநுழைவுத் துறை ஆகியவற்றின் கோப்புகளிலும் கிடக்கிறது. பல்கலைக்கழகங்களிலும் இதே கதைதான். பொதுப் பல்கலைக்கழகங்களில் இன உறவுப் பாடம் பல ஆண்டுகள் கட்டாயப் பாடமாக நடத்தப்பட்டது. அதில் மலாய்க்காரர், சீனர், இந்தியர், சபா சரவாக் மக்கள், பூர்வகுடியினர் எல்லாரும் இருந்தார்கள். செம்பனைக் குலையை வெட்டி லோரியில் ஏற்றுகிற வெளிநாட்டவருக்கு அந்த உறவில் என்ன இடம் என்ற கேள்வி மட்டும் ஓரத்தில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் கடைத்தெருவுக்கு வந்து பார்ப்பவருக்கு அந்த இடம் எதுவென்று தெரிந்துவிடும். தோட்ட லோரியில் வந்து இறங்கும் இளைஞர்கள், பணம் அனுப்பும் கடை திறக்கும் வரை மளிகைக் கடை அஞ்சடியில் (முன் நடைபாதையில்) காத்திருப்பார்கள். கடைக்கார அம்மா தமிழர். அவர்களுக்காகவே கடுகெண்ணெயும் மைசூர்ப் பருப்பும் வரவழைத்து வைக்கிறார். முன்பு நம் பாட்டன்மாரின் கடனை அவருடைய தகப்பனார் எப்படி எழுதினாரோ, அப்படியே இவர்களின் கடனையும் 555 எனும் சிறு கணக்கு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். முழுப் பெயர் வாயில் நுழையாததால், 'நீலத் தொப்பி', 'மூன்றாம் லயம் உயரமானவர்', 'சிரித்த முகம்' என்று பக்கத்துக்குப் பக்கம் தலைப்பிட்டிருக்கிறார். யாருக்குச் சம்பளம் தாமதமாகிறது, யாருக்குக் கையில் வெட்டுக்காயம், எந்தக் குத்தகையாளரின் ஆள்கள் திடீரென்று இரவோடு இரவாக வேறு ஊருக்கு அனுப்பப்பட்டார்கள் என்ற விவரமெல்லாம் அந்த நோட்டுப் புத்தகத்துக்குத் தெரியும். குடிபெயர்வு ஆய்வு என்று சொல்லி ஊருக்கு வருகிறவர்கள் முதலில் உட்கார வேண்டிய இடம் அந்தக் கடை வாசல் என்பது என் கருத்து.

ஆனால் வருகிறவர்கள் வேறு மாதிரி வருகிறார்கள். ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து மாணவர்கள் சிலர் கையில் டேப்லட்டோடு எங்கள் அடுக்குமாடிக்கு வந்தார்கள். பணிவான பிள்ளைகள், குறை சொல்ல முடியாது. கேள்விகள் மலாயில் இருந்தன. பிற இனத்தவரை எந்த அளவுக்கு நம்புகிறீர்கள், ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்கள் என்று கீழ்த்தளத்துப் பாட்டி ஒருவரிடம் கேட்டார்கள். "யாரை ஐயா கேட்குறீங்க? பக்கத்து வூட்டு மாக்சிக்கையா, மேல் வூட்டுக்காரனையா? அவங்க நல்லவங்க, இவன் தண்ணியை மேலேருந்து ஊத்துறான்" என்றார் பாட்டி. அந்தப் பிள்ளை சற்றுத் தயங்கிவிட்டு மூன்றைத் தட்டியது. மாக்சிக் என்று பாட்டி சொன்னது மலாய்க்கார அம்மாவை; மேல் வீட்டுக்காரரோ தமிழர். அதைப் பாட்டியிடம் யாரும் கேட்கவில்லை. அந்த மூன்று இப்போது ஏதோ ஓர் ஆய்விதழில் சராசரியாகி இருக்கும். முடிவு என்னவென்று எங்களுக்கு இன்றுவரை யாரும் வந்து சொல்லவில்லை, தண்ணீரும் நின்றபாடில்லை.

ஆய்வு தேவையில்லை என்று நான் சொல்ல வரவில்லை. கேள்வி எங்கே பிறக்கிறது என்பதுதான் பிரச்சினை. ஆராய்ச்சி நிதிக்கான விண்ணப்பத்தில் பிறக்கும் கேள்விக்கு, பதவி உயர்வுக்குத் தேவையான கட்டுரையே விடையாக அமையும். ஊராட்சி மன்றத்தின் அன்றாடப் பணியிலும் ஊர்மக்களின் சச்சரவிலும் பிறக்கும் கேள்விக்கு வேறு வகையான விடை வேண்டும். எங்கள் ஊரில் அப்படிப்பட்ட கேள்வி ஒன்று கடைவரிசையின் பின்சந்தில் கிடக்கிறது. கடைவீடுகளின் மேல்மாடிகளைப் பலகையால் தடுத்துத் தொழிலாளர்களைக் குடியமர்த்தியிருக்கிறார்கள். எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது கீழே கடை வைத்திருப்பவருக்கே தெரியாது. இரவு வேலை முடிந்து வருகிறவர்கள் சமைத்த மிச்சத்தை நெகிழிப் பையில் கட்டிப் பின்சந்தில் வைக்கிறார்கள். விடிவதற்குள் எலியும் நாயும் அதைப் பிரித்துப் போட்டுவிடுகின்றன. குப்பை போடாதீர் என்ற மலாய் அறிவிப்பு அங்கே இருக்கத்தான் செய்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் அந்த மாடியில் இல்லை. கீழே இருப்பவர்கள், "இவர்களே இப்படித்தான்" என்று ஓர் இனத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள். அதே மாடித் தாழ்வாரத்தில் தண்ணீர் பிடித்து வைத்த வாளிகளில் கொசுப்புழு நெளிவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். டிங்கிக் காய்ச்சல் சம்பவங்கள் ஆண்டுதோறும் நாட்டிலேயே அதிகமாகப் பதிவாகும் மாநிலம் சிலாங்கூர் என்பதைத் தங்கள் வாசகர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

இதில் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. 1990ஆம் ஆண்டு தொழிலாளர் வீட்டு வசதிக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம், அதாவது 446ஆம் எண் சட்டம், முதலில் தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் மட்டுமே இருந்தது. 2019இல் திருத்தப்பட்டு 2020 ஜூன் முதல் எல்லாத் துறைகளுக்கும் விரிந்தது. பொதுத் தங்கும் விடுதியில் ஒருவருக்கு 3 சதுர மீட்டர், மற்ற வகைத் தங்குமிடத்தில் 3.6 சதுர மீட்டர் படுக்கை இடம் வேண்டும் என்று விதி உள்ளது. தங்குமிடச் சான்றிதழ் தருவது தொழிலாளர் இலாகா. அந்தக் கட்டடத்தைக் குடியிருப்பாகப் பயன்படுத்தலாமா என்று பார்ப்பது ஊராட்சி மன்றம். கொசுப்புழுவைத் தேடி வருவது சுகாதார அலுவலகம். 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது அபராதச் சீட்டு கொடுக்கும். மூன்று அலுவலகங்களும் மூன்று வேறு நாள்களில் வருகின்றன. எந்த மாடியில் எத்தனை பேர், எந்தச் சந்தில் குப்பை, எந்தக் கட்டடத்தில் காய்ச்சல் என்பதையெல்லாம் ஒரே படத்தில் காட்டும் வரைபடம் யாரிடமும் கிடைப்பதில்லை. அதைத் தயாரிப்பதற்குப் பெரிய மேதைகள் வேண்டாம். கற்றுத்தரும் விரிவுரையாளர் ஒருவரும், நடந்து திரியத் தயங்காத மாணவர்களும், கதவைத் தட்டினால் திறக்க வைக்கத் தெரிந்த உள்ளூர்க்காரர்களும் போதும்.

குடிநுழைவு மத்திய அரசின் அதிகாரம், ஊராட்சி மாநிலத்தின் அதிகாரம் என்று அரசமைப்புச் சட்டம் பிரித்து வைத்திருக்கிறது. இதைக் காட்டியே, "அந்நியத் தொழிலாளர் விவகாரம் எங்கள் கையில் இல்லை" என்று ஊராட்சி மன்றங்கள் ஒதுங்கிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். பெர்மிட் உங்கள் கையில் இல்லை, சரி. குப்பை, கால்வாய், தெருவிளக்கு, கடை உரிமம், இரவுச் சந்தை, திடல், பொது மண்டபம் ஆகியவை யார் கையில் இருக்கின்றன? மக்கள் ஒருவரோடு ஒருவர் உரசிக்கொள்வதும் பழகிக்கொள்வதும் இந்த இடங்களில்தான்; விமான நிலைய முகப்பில் அல்ல.

வெளிநாடுகளில் இதைச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஐரோப்பிய மன்றம் 2008இல் பண்பாடுகளுக்கிடையிலான நகரங்கள் என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஆசியாவிலிருந்து முதலில், 2017இல், அதில் சேர்ந்த நகரம் ஜப்பானின் ஹமமட்சு. அது ஒரு தொழிற்சாலை நகரம். 1990இல் ஜப்பானியக் குடிநுழைவுச் சட்டம் திருத்தப்பட்டதும், ஜப்பானிய வம்சாவளிப் பிரேசில்காரர்கள் அங்கே வேலைக்கு வந்து குவிந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளின் பள்ளிப் படிப்புக்கும் சமூகக் காப்புறுதிக்கும் வழி செய்யுமாறு மத்திய அரசைக் கேட்டு, அதே நிலையில் இருந்த மற்ற நகரங்களோடு சேர்ந்து 2001இல் ஹமமட்சு ஒரு பிரகடனம் வெளியிட்டது. குடிநுழைவுச் சட்டம் அந்த நகரத்தின் கையிலும் இல்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அதிகாரம் இல்லை என்று ஒதுங்காமல், தன் தெருவில் கண்டதைக் கொண்டு தலைநகரத்திடம் கேட்டது.

சுவீடனின் மால்மோ கப்பல் கட்டும் தொழில் நலிந்து வேலையிழந்த நகரம். பழைய கப்பல் தளத்தை ஒட்டி 1998இல் அங்கே ஓர் உயர்கல்விக்கூடம் திறக்கப்பட்டது, இன்று அது குடிபெயர்வு ஆய்வுக்குப் பெயர் பெற்ற பல்கலைக்கழகமாக உள்ளது. நகர மக்களிடையே ஆரோக்கியத்தில் ஏன் இத்தனை ஏற்றத்தாழ்வு என்பதை ஆராய மால்மோ நகராட்சி 2010இல் ஓர் ஆணையத்தை அமைத்தது. 2013இல் வெளிவந்த அதன் அறிக்கை, ஆய்வாளர்களும் நகராட்சி அலுவலர்களும் சரிசமமாக அமர்ந்து அறிவை உருவாக்கும் கூட்டணிகள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. சரிசமமாக என்ற அந்த நிபந்தனைதான் எனக்குப் பிடித்தது. நம் நாட்டில் பெரும்பாலும் ஒருவர் மாலை போடுகிறார், மற்றவர் பொன்னாடை போர்த்துகிறார், புரிந்துணர்வு ஒப்பந்தத்தைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொள்கிறார்கள், அதோடு புரிந்துணர்வு முடிந்துவிடுகிறது.

இன்னும் கிட்டத்தில் ஒரு முன்மாதிரி வேண்டுமானால் கேரளம் இருக்கிறது. ஒட்டுப்பலகை ஆலைகள் நிறைந்த பெரும்பாவூரில் வட இந்தியத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்கிறார்கள். 2017இல் கேரள மாநில எழுத்தறிவு இயக்கம் அங்கே 'சங்ஙாதி' என்ற திட்டத்தைத் தொடங்கி அவர்களுக்கு மலையாளம் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தது. பேருந்துப் பலகையையும் மருந்துச் சீட்டையும் படிக்கத் தெரிந்த ஆள் ஊருக்குப் பாதி பழகியவர் ஆகிவிடுகிறார். எங்கள் மருந்தகத்தில் நான் அன்றாடம் பட்ட பாடு இதுதான். வயிற்று வலியை வாயால் சொல்லத் தெரியாமல் கையால் காட்டியவர்கள், ஒரு நாளைக்கு மூன்று வேளை என்றதை ஒரே வேளையில் மூன்று மாத்திரை என்று விளங்கிக்கொண்டவர்கள் என்று எத்தனையோ பேர். புதிதாக வருகிறவர்களுக்கு அடிப்படைப் பேச்சு மலாய் கற்பிக்கும் மாலை வகுப்பை, ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் சேர்ந்து நடத்தினால், பாதிச் சச்சரவு தானாகவே அடங்கும் என்று நான் நம்புகிறேன்.

எங்கள் ஊருக்கு இதில் ஒரு தனி வசதி உண்டு. சிலாங்கூர் மாநில அரசுக்குச் சொந்தமான சிலாங்கூர் பல்கலைக்கழகம், அதாவது யுனிசெல், பெஸ்தாரி ஜெயாவில் வளாகம் வைத்திருக்கிறது. பொறியியல், கணினியியல், கல்வியியல் முதலிய துறைகளில் படிக்கும் மாணவர்கள் எங்கள் கடைகளில்தான் ரொட்டி சானாய் சாப்பிடுகிறார்கள், எங்கள் வீடுகளில்தான் அறை எடுத்துத் தங்குகிறார்கள். மறுபக்கம், ஊராட்சியைப் பார்த்துக்கொள்ளும் கோல சிலாங்கூர் மன்றம் 2021இல் நகராண்மைக் கழகமாகத் தரம் உயர்த்தப்பட்டது. அதன் உறுப்பினர்களை நியமிப்பதும் அதே மாநில அரசுதான். இரண்டு பக்கமும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக இருக்கும்போது, அனுமதிக்காக ஆண்டுக்கணக்கில் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டிய தேவை இல்லை. மாநில ஆட்சிக்குழு மனம் வைத்தால், தோட்டப் பட்டணங்களுக்கான முதல் முன்மாதிரியை இங்கே தொடங்கலாம். வெற்றி பெற்றால், ஆசிரியர் பயிற்சிப் பாரம்பரியம் கொண்ட சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் இருக்கும் தஞ்சோங் மாலிமுக்கும், பல்கலைக்கழகமும் பழைய தோட்டங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் மற்ற ஊர்களுக்கும் அதைக் கொண்டு போகலாம்.

எழுதப்பட்ட விதி இல்லாமல் நல்லெண்ணத்தை நம்பி எதுவும் நிலைத்ததில்லை. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிகள் துரைமார்களின் தயவால் வந்தவை என்று இன்றும் சிலர் நினைக்கிறார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி வைத்தே ஆகவேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் நிர்வாகங்களைக் கட்டாயப்படுத்தியது. அப்படி வைத்த பள்ளிகள் பல மாட்டுக் கொட்டகை போலத்தான் இருந்தன என்பது வேறு விஷயம். ஆனால் சட்டம் இல்லையென்றால் கொட்டகைகூட இருந்திருக்காது. அதேபோல் பல்கலைக்கழகமும் ஊராட்சி மன்றமும் செய்துகொள்ளும் ஒப்பந்தத்திலும் கட்டாயங்கள் இருக்க வேண்டும். மாணவர்கள் ஒரு பருவத்தோடு போய்விடுவார்கள், ஆகவே பொறுப்பான விரிவுரையாளரும் மன்ற அலுவலரும் சில ஆண்டுகளாவது மாறாமல் இருக்க வேண்டும். கண்டுபிடிப்புகள் ஆய்விதழுக்குப் போகுமுன் ஊர்ப் பொதுக்கூட்டத்தில் மலாயிலும் தமிழிலும் படித்துக் காட்டப்பட வேண்டும். தவறு இருந்தால் பாட்டியே திருத்திவிடுவார். மொழிபெயர்க்கவும் வழிகாட்டவும் உதவும் உள்ளூர்க்காரர்களுக்கு உரிய ஊதியம் கொடுக்க வேண்டும். சமூக சேவை என்ற பெயரில் ஏழைகளின் நேரத்தை இலவசமாக வாங்குவது நியாயம் அல்ல. இந்தியச் சமூகத் தலைவர், ருக்குன் தெத்தாங்கா எனும் அக்கம்பக்கத்தார் குழு, பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆகியவற்றோடு, நான் மேலே சொன்ன கடைக்கார அம்மாவைப் போன்றவர்களும் குழுவில் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, திரட்டப்படும் விவரங்கள் அமலாக்க நடவடிக்கைக்குப் போகக்கூடாது என்பதை எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும். எந்த மாடியில் எத்தனை பேர் என்று மாணவர்கள் இன்று குறித்துக்கொண்டு போய், மறுவாரம் அதே மாடியில் சோதனை நடந்தால், அதன் பிறகு எவரும் கதவைத் திறக்க மாட்டார்கள். கடைக்கார அம்மாகூடத் தன் நோட்டுப் புத்தகத்தை மூடிவிடுவார். 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய அரசையும் மாநில அரசுகளையும் கட்டுப்படுத்தாது என்பதால், அந்தப் பாதுகாப்பை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. அகதிகள் தொடர்பான 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவில்லை, ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அட்டையை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாழும் ஒருவருக்கு, கேள்வித்தாளோடு வரும் மாணவரும் சீருடையோடு வரும் அதிகாரியும் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள். காய்ச்சல் முற்றிய பிறகே மருந்தகத்துக்குத் தூக்கி வரப்பட்ட ஆள்களைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: அவர்கள் தாமதித்தது அறியாமையால் மட்டுமல்ல, பயத்தாலும்தான்.

நம்மவர்கள் சிலர் இதைப் படித்துவிட்டு, "நம் பிள்ளைகளுக்கே வீடு இல்லை, வேலை இல்லை, வந்தவர்களுக்கு வகுப்பு நடத்த வேண்டுமா?" என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியை நான் அலட்சியப்படுத்தவில்லை. குறைந்த கூலிக்கு வெளியாள் கிடைத்ததால்தான் தோட்டத்துச் சம்பளம் வெகுகாலம் உயராமல் இருந்தது என்ற மனக்குறையில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தக் கூலியை நிர்ணயித்தவர் நேற்று வந்திறங்கிய இளைஞர் அல்லர். 2025 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்த 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் உள்ளூர்க்காரர்களுக்குப் போலவே வெளிநாட்டுத் தோட்டத் தொழிலாளர்களுக்கும் உரியது. அது அவர்கள் கையில் முழுமையாகப் போய்ச் சேர்ந்தால்தான், மலிவு என்ற காரணத்துக்காக நம் பிள்ளைகளை ஒதுக்கும் வழக்கம் குறையும். ஆகவே சம்பளத்தைப் பற்றியும் குத்தகையாளர்களின் பிடித்தங்களைப் பற்றியும் வாய் திறக்காமல், உணவுத் திருவிழாவும் பாரம்பரிய உடை அணிவகுப்பும் நடத்திவிட்டு ஒருங்கிணைப்பு வந்துவிட்டது என்று அறிவிக்கும் ஆய்வுத் திட்டம் எங்களுக்கு வேண்டாம். அடுக்குமாடியில் ஒடுங்கிக் கிடக்கும் முன்னாள் தோட்டக் குடும்பங்களின் வீட்டுப் பிரச்சினையும், கடைமாடியில் பலகைத் தடுப்புக்குள் வாழ்பவரின் வீட்டுப் பிரச்சினையும் ஒரே ஆய்வில் இடம்பெறட்டும். இரண்டையும் பிரித்துப் பார்க்கும் வரை, யாருக்கு முதலில் என்ற சண்டைதான் மிஞ்சும்.

ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தி வைக்கப்பட்டது. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. அச்சட்டத்தின் பத்தாம் பிரிவின்படி ஒவ்வொரு மன்றத்துக்கும் எட்டு முதல் இருபத்து நான்கு உறுப்பினர்கள் வரை நியமிக்கலாம். ஊராட்சியில் அனுபவம் உள்ளவர்கள், தொழிலில் சிறந்து விளங்குபவர்கள், தங்கள் சமூகத்தின் நலனை எடுத்துரைக்கக் கூடியவர்கள் ஆகியோரைத் தேர்ந்தெடுக்குமாறு அது சொல்கிறது. கட்சிப் பங்கீட்டுக்குப் போக மிஞ்சுகிற இடம் ஏதேனும் இருந்தால், வட்டாரப் பல்கலைக்கழகத்தில் இத்துறையில் உழைக்கும் ஒருவரையும், தோட்டப்புறத்தை அறிந்த ஒருவரையும் நியமிக்கச் சட்டமே வழிவிடுகிறது. தேர்தல் திரும்பி வரும் நாள் வரை இதையாவது செய்யலாம்.

தொடங்குவதற்குப் பெரிய விழா தேவைப்படாது. எங்கள் அடுக்குமாடியின் பொது மண்டபம் ஞாயிறு பிற்பகல்களில் காலியாகத்தான் இருக்கிறது. தொழிலாளர்களுக்கும் அன்றுதான் ஓய்வு. மன்றத்திலிருந்து ஓர் அலுவலரும், பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு விரிவுரையாளரும் அவருடைய மாணவர்களும் அடுத்த பருவம் தொடங்கும்போது வந்தால் போதும்; பின்சந்துக் குப்பையை எந்த நேரத்தில், எந்த இடத்தில் வைப்பது, அறிவிப்பை எந்தெந்த மொழிகளில் எழுதுவது என்பதையே முதல் கூட்டத்தின் பொருளாக வைத்துக்கொள்ளலாம். வங்காள மொழியில் எழுதிக்கொடுக்க 'நீலத் தொப்பி' ஏற்கனவே ஒப்புக்கொண்டிருக்கிறார். மண்டபத்தின் மின்விசிறிகளில் ஒன்று ஓடுவதில்லை. அதைக் கூட்டத்துக்கு முன் குடியிருப்பாளர் சங்கம் சரிசெய்து கொடுக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தோட்ட டிரஸ்ஸர்,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்.